மலையில் பார்த்த ஊதாப்பூ நீலக்குறிஞ்சிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சோலைக்காட்டுக்குள், மர நிழலில், ஆளுயரச் செடியில் ஊதா நிற மணிப்பூக்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது நீலக்குறிஞ்சியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் குறிஞ்சிப் பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டுகள் காத்திருந்து பூக்கும். நீங்கள் பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது பூவை அல்ல, செடி நிற்கும் இடத்தை. நீலக்குறிஞ்சி புல்வெளிச் செடி. ஏறக்குறைய 1300 முதல் 2400 மீட்டர் உயரத்தில், வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் சரிவுகளில் புதராக வளரும். அங்கே பெரும்பாலும் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பளவு. இலைகள் எதிரெதிராக இருக்கும். விளிம்பில் சிறு பற்கள், அடியில் புடைத்த நரம்புகள். மணி போன்ற பூவுக்கு ஐந்து மடல்கள். புதிதாக விரியும்போது வெளிர் நீலம், நாளாக ஆக ஊதா ஏறும். நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், மற்ற வகைகளும் இதே நிறத்தில் பூப்பதுண்டு.

பெரிய சான்று, சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூப்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டதும் செடி மொத்தமாகக் காய்ந்துவிடும். மூணாறு பக்கம் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் எல்லா மலைக்கும் ஒரே கணக்கு இல்லை. 2024இல் ஊட்டி அருகே பூத்தது வேறு கணக்கில் பூக்கும் நீலக்குறிஞ்சிக் கூட்டம். அதனால் 'இது குறிஞ்சி வருஷம் இல்லையே' என்று உடனே ஒதுக்கிவிடவும் கூடாது.

இயல்பான வாழிடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இரவிகுளம், கொடைக்கானல், நீலகிரியில் மிஞ்சியிருக்கும் புல்வெளிகள்தான். மிஞ்சியிருக்கும் என்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன். புல்வெளியைத் தரிசு நிலமாக நினைத்துச் சீகை மரமும் (வாட்டில்) தைலமரமும் பைனும் நட்டார்கள், தேயிலை போட்டார்கள். அந்த நிழலில் இந்தச் செடியால் தாக்குப்பிடிக்க முடியாது. பறிக்காமல் விட்டால் மட்டும் போதாது, புல்வெளி புல்வெளியாகவே இருக்க வேண்டும்.

சரி, மறுபடி அந்தப் பக்கம் போனால் பூவோடு சேர்த்து இலையின் அடிப்பக்கம், தண்டு, செடி நிற்கும் சரிவு மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். எந்த வகை என்று பார்க்கலாம்.