ஹார்மோன் பாட்டில் வாங்கப் போறீங்களா?

கேள்வி: எலுமிச்சைல புது இலையெல்லாம் சிறுத்து, கொத்துக் கொத்தா வருது. கடைல குடுத்த 'வளர்ச்சி ஹார்மோன்' ரெண்டு மாசமா அடிக்கிறேன், மாத்தமே இல்ல.

பதில்: தப்பு உங்க மேல இல்லங்க, என்ன குறைன்னு கேக்காம பாட்டிலைத் தள்ளிவிட்டாங்களே அவங்க மேலதான். இலை சிறுத்து கணு நெருங்கினா பெரும்பாலும் ஜிங்க் பத்தல. தண்டை நீட்டுற ஆக்சின்ங்கிற ஹார்மோனை செடி தானே டிரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலத்துலேர்ந்து செஞ்சுக்கும், ஜிங்க் குறைஞ்சா ஆக்சினும் குறையும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஜிங்க் சல்பேட் 5 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 2.5 கிராம், தனித்தனியா கரைச்சு வடிகட்டி ஒண்ணாக்கி, வெயில் தாழ்ந்ததும் அடிங்க. சிறுத்த இலை இனிமே பெருசாகாது, அடுத்த துளிரைப் பாருங்க.

கேள்வி: பூ நிறைய வரட்டும்னு பாஸ்பரஸ் உரம் வாராவாரம் போட்டேன். செடி நின்னுபோச்சு.

பதில்: நிறுத்துங்க. பாஸ்பரஸ் ஏறினா ஜிங்க் கிடைக்காது. அளவு பையிலயே போட்டிருக்கும், அதைப் படிக்காம கொட்டிட்டு எனக்கு எழுதுறீங்க.

கேள்வி: பூஸ்டர் பாட்டில்ல என்ன இருக்குன்னே போடல. நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. எனக்கு ரொம்ப நாளா எரிச்சல் இதுலதான். நான் வாங்கின ஒண்ணுல முன்னாடி பெரிய பச்சை இலை படம், பின்னாடி 'அபார வளர்ச்சி', மருந்து பேரும் இல்ல சதவீதமும் இல்ல, திருப்பிக் கொண்டுபோனா திறந்துட்டீங்கன்னு வாங்க மறுத்துட்டாங்க. ஹார்மோன்னா அளவு இல்லாம விக்கவே கூடாதுங்க, ஏன்னா அது வேலை செய்யறதே பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குலதான், பூ உதிராம இருக்க கொஞ்சூண்டு அடிக்கிற அதே என்ஏஏ-வை (செயற்கை ஆக்சின்) ஆப்பிள்ல பிஞ்சை உதிர்க்கவும் அடிக்கிறாங்க. அப்போ சதவீதம் தெரியாம எத்தனை மில்லி கலக்குவீங்க? இன்னொண்ணு, வேருக்கு நைட்ரேட், அதாவது தழைச்சத்து, கிடைச்சாலே அது சைட்டோகைனின்ங்கிற ஹார்மோனைச் செஞ்சு சாறோட மேல அனுப்பும், பக்கக் கிளை மொட்டு விடறது அதாலதான். பல செடிக்கு சாதா தழைச்சத்து உரமே போதும், காசை அதுக்குச் செலவு பண்ணுங்க.

கேள்வி: தக்காளிக்கு அடிப்பக்கம் கருத்துப் போகுது, ஜிப்ரலின் ஹார்மோன் அடிக்கவா?

பதில்: வேண்டவே வேண்டாம், அது இன்னும் கூட்டிவிடும். காய்க்கு கால்சியம் போய்ச் சேரல, மண்ணு ஒருநாள் காஞ்சு ஒருநாள் ஊறாம ஒரே சீரா தண்ணி விடுங்க.