நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மகளை ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா?

வீட்டுக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி இருக்கிறது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா, ஜெபம் அது இது என்று மனதை மாற்றிவிடுவார்களா, படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நாங்களும் கிறிஸ்தவர்கள் இல்லை. உங்கள் கேள்வியைப் பார்த்தால், உங்களுக்குச் சம்மதம்தான், வீட்டில் யாரோ ஒரு பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அது என் பெரியப்பா. 'வேறு பள்ளியே கிடைக்கலையா' என்று இன்றைக்கும் கேட்கிறார்.

முதலில் ஜெபத்தை முடித்துவிடுகிறேன். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் ஒரு சின்ன ஜெபம், உறுதிமொழி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்கு அனுப்பச் சம்மதமா என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள். நாங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதோடு சரி, அதற்காக யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவே அதைத்தான் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மத போதனைக்கும் வழிபாட்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். என் மகள் ஒருநாள் வீட்டுப் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று முழுவதும் சொன்னாள். என் அம்மா விபூதி பூசிவிட்டு 'சாமிகிட்டதான சொல்றா, சொல்லட்டும்' என்று போய்விட்டார். பெரியப்பாவுக்கு இந்தக் கதையை நாங்கள் சொல்லவில்லை.

உடனே 'மிஷனரிகளுக்கு வக்காலத்தா' என்று கேட்க வருபவர்களுக்கு: எல்லா ஆர்.சி. பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பள்ளியைச் சொல்கிறேன். உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் தனியாகப் பதில் எழுதுங்கள், படிக்கிறேன்.

இப்போது படிப்பு. மூன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் மகள் வந்து 'நான் அரும்பு' என்றாள். அழகான பெயராக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். எதிர்வீட்டுப் பையன் 'மலர்' என்று தெரிந்த பிறகுதான் விசாரித்தோம். 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப, எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அவர்கள் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அரும்பு என்றால் இன்னும் எழுத்துகளையே கூட்டிப் படிக்கும் நிலை. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த பிள்ளை!

நேராகத் தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பெற்றவன் கேட்காமல் யார் கேட்பது? அவர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் மடமடவென்று வாசித்தாள். பிறகு அதே பக்கத்தின் சொற்களை வரிசை மாற்றிக் கரும்பலகையில் எழுதினார். பிள்ளை திணறிவிட்டாள். பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், படிக்கவில்லை. 'மார்க் வேணும்னா இன்னைக்கே மலர்ல போட்டுடுறேன் சார், வாசிப்பு வேணும்னா கொஞ்சம் பொறுங்க' என்றார் சிஸ்டர்.

பொறுத்தோம். அரும்புக் குழுவுக்கு எழுத்து அட்டை, பாட்டு, கைப்பொம்மை வைத்துக் கதை. கோணிப்பையில் செய்த ஒரு நரிப் பொம்மை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய், வீட்டில் என் சாக்ஸ் ஒன்று நரியானது. அரையாண்டு விடுமுறைக்கு முன்பே மொட்டுக்கு வந்தாள். இப்போது பேருந்தில் போனால் கடைப் பலகை ஒன்று விடுவதில்லை, நகைக்கடை விளம்பரத்தில் இருக்கும் பொடி எழுத்து நிபந்தனைகள் உட்பட.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். மகளின் வகுப்பு மிஸ் பாடம் நடத்தும் நேரத்தில் பாதியைக் கைப்பேசிச் செயலியில் மதிப்பீடு பதிவதில் விடுகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சிக்னல் இல்லை என்றால் வேப்பமரத்தடிக்குப் போய் நிற்பார். இது அவர் குற்றம் இல்லை.

பள்ளியைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மின்விசிறி ஓடவில்லை என்றால் முன்னாள் மாணவரான எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருவது மாடு வைத்திருக்கும் எங்கள் தெரு அண்ணன், நெற்றியில் பட்டையோடு. பொங்கலுக்குப் பள்ளி முற்றத்திலேயே பானை வைப்பார்கள், பங்குத்தந்தையும் வந்து நிற்பார். இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று யாரும் அங்கே பேசுவதில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், வருகிறார்கள், அவ்வளவுதான்.

'அரசு உதவி பெறும்' என்ற சொல்லைப் பற்றி என் மனதில் கிடப்பதையும் கொட்டிவிடுகிறேன். காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஊர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்த நாளில்தான் வந்தது. தொடங்கிவைத்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு புனித அன்னாள் பள்ளியில். நகரத்து உதவி பெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தன. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் பசிக்காதா? சரி, வந்துவிட்டது, புதன்கிழமை பொங்கல் சாம்பார் என்றால் என் மகள் வீட்டில் இட்லியைத் தொடுவதில்லை.

ஆனால் மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு? அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. என் மூத்தவன் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் படித்தான். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பையன் அப்பாவும் நானும் ஒரே பட்டறையில் ஒரே கூலி வாங்குகிறவர்கள். அவன் உள்ளே, என் மகன் வெளியே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். எங்களையும் எண்ணிக்கையில் சேருங்கள் என்கிறேன். உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது இதை யோசித்து முடிவெடுங்கள். என் மனைவி 'அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணாவதே சேரல' என்று பக்கத்தில் இருந்து சொல்கிறாள்.

சேர்க்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். பல இடங்களில் ஒரே காம்பவுண்டுக்குள் உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவும், கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் இருக்கும். நீங்கள் எதில் சேர்க்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படாமல் ஒரே மிஸ் மூன்று வகுப்பை மேய்த்துக்கொண்டிருந்தால், எந்தச் சாமி பெயர் வைத்த பள்ளியானாலும் யோசிக்க வேண்டியதுதான். ஜெபத்தைப் பற்றி அதற்குப் பிறகு கேட்டால் போதும்.