அடித்த வரியைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள், படித்த கதையை வாய் ஓயாமல் பேசுவாள். எழுதச் சொன்னால் நாலு வரியோடு நின்றுவிடுகிறாள். முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். ஒரு தடவை கண்ணகி கட்டுரையில் 'மதுரை ஜனங்கள் என்ன தப்பு செய்தார்கள்?' என்று எழுதியிருந்தாள். மார்க் போய்விடுமே என்று அடித்துவிட்டு, நோட்ஸில் இருந்ததை எழுத வைத்தேன். டியூஷனில் சேர்க்கலாமா?

பதில்: டியூஷனை அப்புறம் பார்ப்போம். அந்த வரியை அடித்தீர்களே, அவள் நாலு வரியோடு நிற்க ஆரம்பித்தது அதற்கு முன்பா, பின்பா?

அவள் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை அம்மா, சிலப்பதிகாரத்தை ஒழுங்காகப் படிக்கிற யாரும் முட்டி நிற்கிற இடம் அது. இளங்கோவடிகளுக்கே அந்த உறுத்தல் இருந்திருக்கிறது என்பேன். வஞ்சின மாலை என்ற பகுதியின் கடைசியில் தீக்கடவுள் வந்து நிற்க, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள் கண்ணகி. சரி, யார் அந்தத் தீயவர்? அதற்கு முன்னால் ஊர்சூழ்வரி என்ற பகுதியில் 'சான்றோரும் உண்டுகொல்', நல்லவர்களும் இங்கே இருக்கிறார்களா, என்று ஊரைப் பார்த்துக் கேட்கிறாள், அப்படியானால் கோபம் ராஜா மேல் மட்டும் இல்லை. ஆனால் அதே இடத்தில்தான் அவள் கோலத்தைப் பார்த்து மதுரைக்காரர்கள், வளையாத செங்கோல் வளைந்துவிட்டதே என்று கலங்குகிறார்கள். அப்படிக் கலங்கியவர்கள் வீட்டிலும் தீ வைக்கலாமா? உங்கள் மகளுக்குப் பத்துப் பக்கம் எழுத விஷயம் இருக்கிறது, அதன் வாசலில் வந்து நின்றவளைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

மார்க்குக்குப் பயந்தேன் என்கிறீர்கள். டீச்சர் கண்ணில் படுவதற்கு முன்பே வீட்டிலேயே அந்த வரியை வெட்டிவிட்டீர்கள்! 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று பெண் பிள்ளை, பெற்றவர்களிடம் சொல்லிப் பழகாமல் வேறு எங்கே பழகுவாள், புகுந்த வீட்டிலா? அதற்கு இடம் கொடுப்பது உங்கள் கடமை, ஃபீஸ் கட்டுவதைவிடப் பெரிய கடமை.

அந்த நோட்டை எடுத்து வைத்து, அடித்தது தப்பு என்று அவளிடமே சொல்லுங்கள், அதில் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. நூலகத்தில் உரையோடு உள்ள சிலம்பு கிடைக்கும். நான் சொன்ன இரண்டு இடங்களையும் சேர்ந்து படியுங்கள். அவள் பேசட்டும், நீங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னாலும்தான். அப்புறம் தான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எந்த வரி சாட்சி என்று அவளே தேடி எழுதட்டும். பரீட்சையில் கேட்டதற்குக் கேட்ட பதில் எழுதிக்கொள்வாள், அது தனிக் கணக்கு. டியூஷன் வேண்டாம்.