எட்டாம் மாதத்தில் பிரஷர் 150/100: ஹைகிரவுண்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

களக்காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: “மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து சங்கரன்கோவிலிலிருந்து கூட்டி வந்திருக்கிறோம். எட்டாம் மாதம். நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம் போகிறது, உடனே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போங்கள் என்றார்கள். கால் வீக்கத்தைத் தவிர பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். உப்பைக் குறைத்து பார்லித் தண்ணீர் கொடுத்தால் போதாதா? தெரிந்த வேன்காரர் வேறொரு ஆஸ்பத்திரியைச் சொல்கிறார்.”

இன்றைக்கே போங்கள் அம்மா. செவ்வாய், வெள்ளி பார்க்க வேண்டாம்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டு அல்லது தாண்டி, சிறுநீரில் புரதமும் போனால் அது ப்ரீஎக்லாம்ப்சியா. நஞ்சுக்கொடியில் தொடங்கி தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கும் நோய். மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தொடும். உப்பைக் குறைத்தால் இது குறையாது. பார்லித் தண்ணீருக்கு நீர் நன்றாகப் பிரியலாம், நோய் அப்படியேதான் இருக்கும். மருந்துக்கடையில் நீர் இறங்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

“நன்றாகத்தான் இருக்கிறாள்” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறும். காலையில் சிரித்துப் பேசிய பெண்ணுக்குச் சாயங்காலம் வலிப்பு வந்ததைப் பார்த்தவள் நான். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சிரைப்பு, இதில் ஒன்று வந்தாலும், பிரஷர் 160/110-ஐத் தொட்டாலும் நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போனதுமே வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். கட்டுக்குள் இருந்தால் மாத்திரை கொடுத்து 37 வாரம் வரைகூடக் காத்திருப்பார்கள். முற்றினால் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஊசி, குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட தாய்க்கு ஊசி, பிறகு பிரசவம். அதற்கு ரத்த வங்கியும் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் பிரிவும் ஒரே இடத்தில் வேண்டும். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரி.

இனி அந்த வேன்காரர். ஆள் கொண்டுவந்து விட்டால் கமிஷன் என்று ஓடும் வண்டிகள் உண்டு. ஒரு நாள் அட்மிஷன், ஒரு ஸ்கேன், கையில் இருந்த பணம் தீர்ந்தது, “இங்கே முடியாது, ஹைகிரவுண்டுக்கே போங்கள்” என்று முடியும். வந்து சேரும்போது பிரஷர் 180 இருக்கும். 108-க்குக் காசு கிடையாது, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கும் கிடையாது. மகப்பேறு உதவித்தொகை 18,000 வாங்கித் தருகிறேன் என்று வருகிறவருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அதைக் கிராம சுகாதார செவிலியரே பதிந்து தருவார்.

ஆஸ்பத்திரிக்காரர்களான எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மகளின் பழைய பிரஷர் கணக்கு சங்கரன்கோவிலில் கிடக்கும், ஆள் உங்கள் வீட்டில் இருப்பாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம். அதற்குத் தக்கபடி இத்தனை வருஷமாக ஓர் ஒழுங்கு செய்ய நம்மால் முடியவில்லை. அனுப்பும் சீட்டில் “பிரஷர் அதிகம்” என்று இரண்டே வார்த்தை எழுதி விடுகிறார்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன ஊசி போட்டோம் என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தாய்-சேய் அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த அரசுப் பதிவு எண்), ஸ்கேன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

குழந்தை பிறந்தால் நோய் இறங்கும் என்போம். அதை முழுசாக நம்பி இருந்துவிடாதீர்கள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறும், சரியாக வீட்டுக்கு வந்த சமயம். ஆறு வாரம் வரைகூட வலிப்பு வரலாம். பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது என்பாள். தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்திருக்கும் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். தூக்கம் இல்லை, பால் கட்டியிருக்கிறது என்றும் சொல்வார்கள். எதுவாகவும் இருக்கட்டும், முதலில் பிரஷர் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த பிள்ளை உண்டானால் மூன்றாம் மாதம் முடிவதற்குள் டாக்டரிடம் போய், “போன தடவை பிரஷர் வந்தது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.