மிச்சக் காசைக் கேட்டு வாங்குங்கள்

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் கட்டுரைகளை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. என் பிரச்சினை அவசரபுத்தி. லிஃப்ட் வரத் தாமதித்தால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறேன். அம்மா ஒரே விடயத்தை இரண்டாம் தரம் சொன்னால் எரிந்து விழுகிறேன். சாப்பாடு கொண்டுவரும் பையன் ஐந்து நிமிடம் பிந்தினால் ஏசுகிறேன். ஆனால் நான் இரவிரவாகத் தயாரித்த அறிக்கையை என் மேலதிகாரி தன்னுடையது என்று கூட்டத்தில் சமர்ப்பித்தபோது வாயே திறக்கவில்லை. போன மாதம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவம் ஒன்றைத் தந்தார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பக்கத்தில் நின்றவரைக் கொண்டு நிரப்பி, கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

இந்த அவசரத்தைத் துணிச்சலாக மாற்ற முடியுமா? அதிகாலையில் எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, நாட்குறிப்பு எழுதுவது என்று சிறு பழக்கங்களை 21 நாட்கள் விடாமல் செய்தால் மனம் மாறிவிடும் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்? 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று அம்மா சொல்கிறார். அது சரியா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் ஒருவர், மாத்திரை எண்ணிக் கொடுக்கும் பெண்பிள்ளையை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நிற்பது, உங்களுக்கெல்லாம் யார் வேலை தந்தது, இப்படி. அந்த நேரம் பெரிய வாகனம் ஒன்றிலிருந்து இறங்கிய ஒரு கனவான் வரிசையைத் திரும்பியும் பாராமல் நேரே முன்னால் போய் மருந்துச் சீட்டை நீட்டினார். நம்முடைய வீரர் வாயை மூடிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார். வீட்டுக்கு வந்தும் அந்த ஓர் அடி என் மனதை விட்டுப் போகவில்லை.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். குளிர்ந்த நீர்க் குளியல்: கொழும்பில் மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வெந்நீர்தான் வருகிறது, அதனால் அதை விடுங்கள். அதிகாலையில் எழுந்தால் அதிகாலையிலேயே அம்மாவிடம் எரிந்து விழுவீர்கள், வேறொன்றும் நடக்காது. 21 நாள் கதையை மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிவைத்தார். முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று கிழமையாவது எடுக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று விற்கிறார்கள். பிற்பாடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உண்மையாகவே ஆட்களை வைத்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் தன்பாட்டில் நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே கலண்டரில் கோடு போடுவதை நிறுத்துங்கள்.

பழமொழி விடயம். 'பொங்கினார் காடு ஆள்வார்' என்று அதற்கு ஒரு பின்பாதி உண்டு, அம்மா அதையும் சொல்லியிருப்பார். அம்மா சொன்னதை அம்மாவோடு கதைக்கும்போது கடைப்பிடியுங்கள். இரண்டாம் தரம் சொன்னால் இரண்டாம் தரமும் கேளுங்கள். மூன்றாம் தரம் சொல்லுமுன் தேநீர் போட்டுக் கொடுங்கள். உங்களை வளர்த்த மனுஷிக்கு ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லக்கூட உரிமை இல்லையா? இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்த அளவோடு அடக்கிக்கொள்கிறேன்.

மேலதிகாரி விடயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்களுக்குப் பொறுமை இல்லை என்று யார் சொன்னது? வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கும் அளவுக்குப் பொறுமை இருந்திருக்கிறதே! கோயில் மாட்டுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது. உங்கள் அவசரம் ஆள் பார்த்து வருகிறது, தம்பி. திருப்பி அடிக்க முடியாத இடத்தில் வருகிறது. சாப்பாட்டுப் பையன், அம்மா, லிஃப்ட்டின் பொத்தான். அந்தப் பையனுக்கு உங்கள் கையில் நட்சத்திரப் புள்ளி இருக்கிறது, அதனால் அவன் 'சொறி சேர்' சொல்லிவிட்டுப் போகிறான். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தரிடம் அதே அவசரம் எங்கே போய் ஒளிந்தது?

என் பெரியம்மா கொட்டாஞ்சேனையில் இருந்தவர். ஆசிரியை. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிங்களப் பத்திரிகையைத் தலையங்கம் முதல் மரண அறிவித்தல் வரை வாசிப்பார். 1990களின் தொடக்கத்தில் ஒருநாள் ஓய்வூதிய அலுவலாக ஓர் அரசாங்கக் கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. அடையாள அட்டையைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நாங்கள் நடந்த காலம்.

லிகிதர் சிங்களப் படிவத்தைத் தந்தார். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வாசித்து முடித்து, மேசைக்கு மேலால் திருப்பித் தள்ளினார். "இதன் தமிழ்ப் படிவத்தைத் தாருங்கள்" என்றார், அருமையான சிங்களத்தில். லிகிதர், அப்படி ஒன்று இல்லை என்றார். "அப்படியானால் இல்லை என்று எழுதி, கையெழுத்து வைத்துத் தாருங்கள்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஸ் இவ்வளவு நன்றாகச் சிங்களம் கதைக்கிறீர்கள், பிறகேன் தமிழ்ப் படிவம்?"

"கதைப்பது உங்கள் வசதிக்கு. படிவம் என் வசதிக்கு."

சொல்லிவிட்டு வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். சத்தம் இல்லை, முறைப்பு இல்லை. பையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து விரித்தார். லிகிதர் தலை நிமிரும்போதெல்லாம் இவரும் பத்திரிகையைத் தாழ்த்தி அவரைப் பார்ப்பார். எனக்கு எப்போது வெளியே போவோம் என்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு லிகிதர் பியோனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பியோன் அலுமாரியின் அடித்தட்டுக்குள் கையை விட்டு ஒரு கட்டை இழுத்தெடுத்தார். தமிழ்ப் படிவங்கள். அச்சகத்தில் கட்டிய சணல் கயிறு அப்படியே இருந்தது, முடிச்சு ஒருமுறைகூட அவிழ்க்கப்படவில்லை. பிளேடால் அறுத்துத்தான் எடுத்தார்கள். மேலே இருந்த தாளில் கயிறு அழுந்திய இடம் பழுப்பாகச் சிலுவை போட்டிருந்தது. பெரியம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு, "மிச்சத்தை மேசையில் வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்" என்றார்.

அவரைப் புனிதராக்க இதை நான் எழுதவில்லை. தேநீருக்குச் சீனி குறைந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவர் அவர். ஆனால் தனக்கு எது சேர வேண்டியது என்று தெரிந்துவைத்திருந்தார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தலைமுறை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் வந்தது. அதன்படி அமைந்த 22ஆம் உறுப்புரையின்கீழ், சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழில் அலுவல் பார்க்கலாம், தமிழில் பதில் பெறலாம். முறைப்பாட்டை விசாரிக்க 1991இல் ஒரு சட்டத்தின் மூலம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவையும் அமைத்தார்கள். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. கயிற்றை அறுக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு நடுவே ஒன்று. கொழும்பில் இருந்துகொண்டு சிங்களம் வாசிக்கத் தெரியாமல் இருப்பதும் பெருமைக்குரிய விடயமல்ல. அதையும் படியுங்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்பதற்கும் அதற்கும் ஒரு முரண்பாடும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட சிறு பழக்கம். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பஸ்ஸில் மிச்சக் காசைக் கேட்டு வாங்குங்கள்.

சிரிக்காதீர்கள். நீங்கள் தினமும் காலி வீதியில் 100 இலக்க பஸ்ஸிலோ 101 இலக்க பஸ்ஸிலோ போகிறவர் என்று நினைக்கிறேன். நடத்துநர் தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு, மற்றக் கையில் சில்லறையைக் குலுக்கியபடி வருவார். நீங்கள் தாளை நீட்டுவீர்கள். "மிச்சம் பிறகு" என்று சொல்லியோ சொல்லாமலோ பின்பக்கம் போய்விடுவார். உங்கள் தரிப்பிடம் வரும், பஸ் நின்றும் நிற்காமலும் உருளும், குதித்து இறங்குவீர்கள். காசு அவரோடு போகும். அந்த எரிச்சலை அலுவலக வாசலில் நிற்கும் காவலாளி மேல் கொட்டுவீர்கள்.

நடத்துநர் என்ன மேலதிகாரியா என்று கேட்பீர்கள். இல்லை, அவரும் முதலாளிக்கு நாளாந்தம் கொடுக்கவேண்டிய தொகையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடுகிற மனிதர்தான். பிறகு ஏன் அவரிடம் கேட்பதில்லை? பஸ் முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பத்து ரூபாய்க்குப் பறக்கிறான் என்று நினைப்பார்கள். இந்தக் கூச்சம்தான் கந்தோர் யன்னலிலும், மேலதிகாரி உங்கள் அறிக்கையைத் தன்னுடையது என்ற கூட்டத்திலும் உங்கள் வாயைக் கட்டுகிறது. ஆள் மாறுகிறது, கூச்சம் ஒன்றுதான்.

நம்மவருக்கு இன்னொன்றும் உண்டு. வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில், பஸ்ஸுக்குள் 'அப்பா' என்று உரக்கக் கூப்பிடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். பொட்டைத் துடைத்துவிட்டு பஸ் ஏறிய பெண்களை நான் அறிவேன். நீங்கள் அதற்கெல்லாம் எவ்வளவோ காலம் கழித்துப் பிறந்தவர், உங்களிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் புறக்கோட்டையில் கைத்தொலைபேசி அடித்தால் உங்கள் குரல் தானாக இறங்குகிறதா இல்லையா? அதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளை. அது உங்களுக்கு வீட்டுச் சொத்துபோல வந்து சேர்ந்தது. ஆனால் அதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இறங்கும்போது கேட்காதீர்கள், காசு கொடுக்கும்போதே இறங்குமிடத்தையும் வரவேண்டிய மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிக்கெட்டையும் கேளுங்கள். சில்லறை இல்லை என்றால், "சரி, இறங்குமுன் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ, வாயில் வருகிற மொழியில் கேளுங்கள். அம்மாவிடம் தண்ணீர் கேட்கிற குரல் போதும். (நீங்கள் அம்மாவிடம் கேட்கிற குரல் வேண்டாம், மற்றப் பிள்ளைகள் கேட்கிற குரல்.) தராமல் போனால் சண்டை பிடிக்காதீர்கள். நாளைக்கும் அதே பஸ், அதே வசனம். காசு வந்ததா என்பதை நான் விசாரிக்கப் போவதில்லை. கேட்டீர்களா என்றுதான் கேட்பேன். குரலை உயர்த்தினால் அன்றைய கணக்கு செல்லாது. குரலை உயர்த்துவதில் உங்களுக்கு ஏற்கெனவே போதிய பயிற்சி உண்டு.

இவ்வளவு சின்ன விடயத்தில் என்ன வரப்போகிறது என்று போன மாதம் ஒரு நண்பரும் என்னோடு வாதாடினார். 2022ஐப் பார், பொறுமை இழந்த சனம் ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே போனதே, அதுவல்லவா துணிச்சல் என்றார். கூட்டத்தோடு வருகிற துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வருடம் நானும் வரிசைகளில் நின்றவள். எரிபொருளுக்காக நின்ற முதியவர்கள் வரிசையிலேயே இறந்துபோன செய்திகளை மார்ச் மாதத்தில் வாசித்தவள். ஆனால் மாளிகைக்குள் போய் வந்த என் அயல்வீட்டுக்காரர், அடுத்த மாதம் காஸ் சிலிண்டருக்குக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்ட காசை மூச்சுவிடாமல் கொடுத்தார். பற்றுச்சீட்டு கேட்டீர்களா என்றேன். "ஏன் வீண் பிரச்சினை" என்றார். கூட்டம் கலைந்த பிறகு தனி ஆளாக ஒரு மேசைக்கு முன்னால் நிற்கிற நேரம்தான் கஷ்டம். அதற்குக் காலிமுகத்திடல் போராட்டத்தில் பயிற்சி கிடைக்காது. பஸ்ஸில் கிடைக்கும்.

வாய் பழகியதும் கையைப் பழக்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் போன அந்த அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். எந்தெந்தப் படிவங்கள் தமிழில் உள்ளன, கடைசியாக எப்போது அச்சிட்டார்கள், எத்தனை பிரதிகள் கைவசம் இருக்கின்றன என்று மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் காரணம் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உங்களைப் போன்ற அவசரக்காரருக்கென்றே செய்த சட்டம்போல இருக்கிறது: எண்ணிக்கொண்டிருக்க ஒரு திகதி கிடைக்கிறது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டுமானால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒற்றுப்பிழை ஏராளம், இங்கே போடுமுன் நான்தான் திருத்தினேன். சனிக்கிழமைகளில் மட்டும் அனுப்பாதீர்கள். அன்றைக்கு நான் யாருக்கும் பதில் எழுதுவதில்லை.

அன்புடன்,
ரீச்சர்