கண்ணை மூடினால்

கேள்வி: ஓராண்டாகத் தினமும் கண்ணை மூடித் தியானம் செய்கிறேன். மனம் அடங்கும் நேரத்தில், செத்துவிடுவோமோ என்ற நடுக்கம் வருகிறது. தியானம் மரண பயத்தைப் போக்கும் என்கிறார்களே?

பதில்: 'கண்ணை மூடி' என்கிறீர்கள். பெரியவர் கண்ணை மூடிவிட்டார் என்றால் தமிழில் என்ன பொருள்? 'அடங்கும்' என்கிறீர்கள். மூச்சு அடங்கியது, அடக்கம் செய்தார்கள் என்றும் நாம்தானே சொல்கிறோம்? தியானத்தின் உச்சநிலைக்கும் சமாதி என்றே பெயர், புதைத்த இடத்துக்கும் சமாதி என்றே பெயர். நம் மொழி இரண்டையும் ஒரே பாயில் உட்காரவைத்து வெகுகாலம் ஆயிற்று. அங்கே போய் உட்கார்ந்த உங்களுக்குப் பயம் வந்ததில் தவறு என்ன?

தியானத்தைத் தலைவலித் தைலம்போல் விற்பவர்கள்மீது எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பழக்கமானது. பதஞ்சலியே அப்படி விற்கவில்லை. உயிரை விடாமல் பற்றிக்கொள்வதற்கு அபிநிவேசம் என்று பெயரிட்டு, கற்றறிந்தவரிடமும் அது இருக்கிறது என்று யோக சூத்திரத்தில் எழுதிவைத்தார்.

1896-இல் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயது மாணவனுக்குப் பயம்தான் முதலில் வந்தது. உடம்பில் நோய் இல்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. பிணம்போல் கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தான். உதடுகளை இறுக்கி மூச்சை அடக்கினான். உடல் செத்தால் நானும் செத்தேனா என்று உள்ளே தேடினான். அவனைத்தான் பின்னாளில் ரமணர் என்றோம்.

நீங்கள் மூச்சை அடக்க வேண்டாம். அடக்கினால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறி, உடம்பே பதறும். பகலிலும் படபடப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சை வெளியே விட்டு முடித்தபின், அடுத்தது தொடங்குமுன் ஒரு சிறு இடைவெளி உண்டு. பயம் தலைகாட்டும் இடம் அது. என் தந்தையின் கடைசி இரவில் அந்த இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து எண்ணுவதற்குள் வந்த மூச்சு, பிறகு ஒன்பதுக்கு வந்தது, பன்னிரண்டுக்கு வந்தது. விலாவின்மேல் வைத்திருந்த என் கை ஒவ்வொரு முறையும் மெல்ல உயர்ந்தது. ஒரு முறை உயரவில்லை. நாற்பது வரை எண்ணினேன்.

காலையில் உட்காரும்போது இன்றும் அந்த இடத்தில் எனக்கு எண்ணத் தோன்றுகிறது. பயமும் வருகிறது. எழுந்துவிடுவதில்லை.