மோட்டார் கடைக்காரரிடம் கேளுங்கள்: வேலை, ஆற்றல், திறன்

தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. டிப்ளமோவில் படித்த இயற்பியல்தான் இன்றுவரை சோறு போடுகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருவொற்றியூர்: அண்ணா, தொட்டி நிரம்ப ரொம்ப நேரமாகிறது. அரை ஹெச்.பி.யை எடுத்துவிட்டு ஒரு ஹெச்.பி. போட்டால் கரண்ட் பில் இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. ஹெச்.பி. என்பது திறன், அதாவது வேலை நடக்கிற வேகம். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். பில்லில் வரும் யூனிட் ஆற்றலின் கணக்கு. வாட்டை நேரத்தால் பெருக்கினால்தான் அது வரும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல்.

உங்கள் தொட்டி 1000 லிட்டர், சம்பிலிருந்து 10 மீட்டர் உயரம் என்று வைப்போம். 1000 கிலோவை 10 மீட்டர் தூக்க 98,000 ஜூல் வேண்டும். எந்த மோட்டார் போட்டாலும் இந்த எண் மாறாது. அரை ஹெச்.பி. மோட்டார் சுமார் 550 வாட் இழுத்து 12 நிமிடத்தில் நிரப்பினால் செலவு 3,96,000 ஜூல், 0.11 யூனிட். பயனுறுதிறன், அதாவது செலவான ஆற்றலில் உருப்படியாகப் பயன்பட்ட பங்கு, 25 சதவீதம்தான். மிச்சமெல்லாம் காயில் சூடு, பேரிங் உராய்வு, பம்புக்குள் தண்ணீர் சுழன்று வீணாவது. இதே லட்சணத்தில் ஒரு ஹெச்.பி. ஓடினால் பாதி நேரத்தில் நிரப்பும், யூனிட் கிட்டத்தட்ட அதேதான். புதிதாக வாங்கும் முன் எத்தனை நிமிடம் ஆகிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்.

ராயபுரம், பத்தாம் வகுப்பு: சார், காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் சுமந்து நடப்பவர் வேலையே செய்யவில்லை என்று மிஸ் சொல்கிறார். நியாயமா?

மிஸ் சொன்னது சரிதான். ஆனால் அதை அந்த ஆளிடம் போய்ச் சொல்லிவிடாதே தம்பி! 30 கிலோ கூடையை ஒன்றரை மீட்டர் தூக்கித் தலையில் வைத்தபோது 441 ஜூல் வேலை நடந்தது. அப்புறம் சமதரையில் நடக்கும்போது தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் கூடையின் மேல் அந்த விசை செய்த வேலை பூஜ்யம். தசை இறுகித் தளர்வதற்குச் சாப்பாடு எரிகிறது, அது சூடாகிறது. வேர்வை அதனால்தான்.

எண்ணூர்: அனல்மின் நிலையத்தில் எரிக்கிற நிலக்கரியில் எவ்வளவு கரண்டாகிறது?

பழைய வகை நிலையம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 35 சதவீதம். நம் ஊர் நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மிச்சச் சூடு குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போகிறது. எல்லாமே பராமரிப்புக் கோளாறு இல்லை. நீராவி 540 டிகிரி, குளிர்கிற பக்கம் 40 டிகிரி என்றால், இழப்பே இல்லாத இயந்திரம்கூட 61.5 சதவீதத்தைத் தாண்டாது. பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824-லேயே இந்த எல்லைக்கு வழி காட்டிவிட்டார்.

பெரம்பூர்: ஒன்றரை டன் ஏ.சி. 1.5 கிலோவாட் இழுத்து 5 கிலோவாட் சூட்டை வெளியேற்றுகிறதாம். நூறு சதவீதத்துக்கு மேலா?

ஏ.சி. சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. தள்ளுகூலிதான் அந்த 1.5. வெளியே இருக்கிற பெட்டி கக்குவது 6.5 கிலோவாட், கணக்கு நேராகிவிட்டது. வெளியேற்றும் சூட்டை இழுக்கிற கரண்டால் வகுத்து வருவதைப் பயனுறுதிறன் என்று சொல்லாமல் செயல்திறன் குணகம் என்பார்கள்.

திருவொற்றியூர், மறுபடியும்: பார்த்தேன் அண்ணா, 27 நிமிடம்.

12 நிமிட வேலைக்கு 27 நிமிடம் என்றால் கோளாறு தண்ணீர் வரும் வழியில் இருக்கும், மோட்டாரை மாற்றவே வேண்டாம். என் வீட்டிலும் இதே கதை. இரண்டு மாதம் காயிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் பம்பைக் கழற்றினால் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம், அதன் இதழ்களுக்கு நடுவே துருச் செதிலும் ஒரு பால் கவர் துண்டும். முதலில் ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வைப் பாருங்கள், அப்புறம் இம்பெல்லரைத் திறங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு.